நடுவர் இல்லா ஆட்டம்

மாலை வேளையில் நம் குடியிருப்பின் நடுவேயுள்ள புல்வெளிப் பக்கம் சென்று சற்றே நின்று பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக் கொண்டிருப்பார்கள். பந்து எறியும் நேரத்தைவிட, ஆட்டக்காரன் 'அவுட்' ஆனானா இல்லையா என்று வழக்காடும் நேரமே மிகுதியாக இருக்கும். வீட்டில் பேசும் தமிழும் தெருவில் பேசும் இந்தியும் கலந்த ஒரு மொழியிலே அவ்வழக்கு நடைபெறும். வழக்கு முற்றியதும் மட்டைக்கு உரியவன் அதனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுவான். அன்றைய ஆட்டம் அத்துடன் முற்றுப்பெறும். பெரியவர் ஒருவர் நடுவராக நின்றால் இத்தொல்லை இராதே என்று மாடியிலிருந்து பார்க்கும் நம்மில் பலர் எண்ணியிருப்போம்.

ஆனால், நடுவரே வேண்டா என்ற விதியைத் தன் அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆட்டம் உலகில் உண்டு. பள்ளிச் சிறுவர் ஆடும் ஆட்டத்தில் மட்டுமன்று, பல நாட்டு அணிகள் பொருதும் உலகப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்திலும் அங்கே ஊதுகுழல் ஏந்திய நடுவர் இல்லை. தவறு நேர்ந்ததா இல்லையா என்பதை ஆடுபவர்களே தம்முள் பேசித் தீர்த்துக் கொள்கின்றனர். 'அல்டிமேட்' என்று பெயர் பெற்ற அந்தத் தட்டெறி ஆட்டம் தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வரலாறு பெரும்பாலும் அமெரிக்க நாட்டின் கல்லூரி நகரங்களில் நிகழ்ந்தது. கல்லூரி நகரம் என்பதன் பொருளை முதலில் சொல்லிவிடுதல் நலம். கல்லூரியுள்ள நகரமெல்லாம் கல்லூரி நகரமன்று. சென்னையில் கல்லூரிகள் பல உள. ஆயினும் அவை மூடிக் கிடக்கும் கோடை விடுமுறையிலும் சென்னை சென்னையாகவே இருக்கும். கல்லூரி திறந்தால் விழித்து, மூடினால் உறங்கும் ஊரே கல்லூரி நகரம். இராஜஸ்தானத்துப் பிலானியையும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரையும் கண்டவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. அங்கெல்லாம் மூன்று பொருள்கள் தாராளமாகக் கிடைக்கும்: பரந்த புல்வெளி, மாலைப் பொழுது, செலவழிக்கப் பணமில்லாத இளைஞர் கூட்டம். ஒரு புதிய விளையாட்டுப் பிறப்பதற்கு இவற்றினும் வேறென்ன வேண்டும்!

ஆட்டத்திற்கு முன் தட்டின் கதையைச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் இராச்சியத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில், 1871-ஆம் ஆண்டில் வில்லியம் ரஸ்ஸல் பிரிஸ்பி என்பவர் 'பை' என்னும் பழப் பணியாரம் செய்து விற்கும் தொழில் தொடங்கினார். அப்பணியாரம் தகரத் தட்டில் வைத்து விற்கப்பட்டது. தின்று முடித்த பின் எஞ்சிய தட்டைச் சுழற்றி எறிந்தால் அது காற்றில் மிதந்து செல்லும் என்பதை அருகிலிருந்த யேல் பல்கலைக் கழக மாணவர்கள் கண்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இதற்கு உரிமை கொண்டாடும் கல்லூரிகள் வேறு சிலவும் உள்ளமையால், முதலில் எறிந்தவர் யார் என்ற வழக்கில் நாம் தலையிட வேண்டா. பணியாரக் கம்பெனி 1958-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் பிழைத்துக் கொண்டது.

அப்பெயர் பிழைத்த விதம் வியப்புக்குரியது. நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாக் கடற்கரையிலே, பிரெட் மாரிசன் என்ற இளைஞர் தம் காதலியுடன் கேக் சுடும் தட்டு ஒன்றை எறிந்து விளையாடிக் கொண்டிருந்தார். இது 1938-ஆம் ஆண்டில். வழியே சென்ற ஒருவர் அதற்கு இருபத்தைந்து காசு தருவதாகக் கூறினார். கடையிலே அதன் விலை ஐந்து காசு! அன்றே அவருக்கு வாணிக எண்ணம் பிறந்தது. பிறகு போர் வந்தது, மாரிசன் விமானம் ஓட்டினார், சிறைப்பட்டு மீண்டார். காற்றில் இறக்கை எவ்வாறு மிதக்கிறது என்ற அறிவு அவருக்குப் போரிலிருந்து கிடைத்த ஆதாயம். 1955-இல் அவர் உருவாக்கிய பிளாஸ்டிக் தட்டின் உரிமையை 1957-இல் 'வாம்-ஓ' என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனி வாங்கிற்று. கீழ்க்கரை மாணவர்கள் வழங்கி வந்த பெயரைக் கேள்வியுற்று, எழுத்தைச் சற்றே மாற்றி, அதற்குப் 'பிரிஸ்பி' எனப் பெயரிட்டது. 1967-இல் எட் ஹெட்ரிக் என்பவர் தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமாக வரிகளை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அதன் பின் தட்டு தள்ளாடாமல் நேராகப் பறக்கலாயிற்று. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆடுகளத்துக் கருவியானது அவ்வரிகளின் பின்னரே. தட்டின் வளைந்த மேற்பரப்பு அதனைக் காற்றிலே தூக்குகிறது. சுழற்சி அதனைக் கவிழாமல் காக்கிறது. நம் பம்பரம் சுழலும் வரையில் நிற்பதும், சுழற்சி ஓய்ந்ததும் சாய்வதும் இதே காரணத்தால்தான்.

இனி ஆட்டத்தின் பிறப்புக்கு வருவோம். மாஸ்ஸசூசெட்ஸ் இராச்சியத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்று ஓர் ஊர் உண்டு. 1821-இல் தோன்றிய ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும், 1863-இல் வேளாண்மைக் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர்ப் பல்கலைக் கழகமாக வளர்ந்த மற்றொரு கலைக்கூடமும் அதன் இரு கண்கள். அவ்வாம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1965, 1966-ஆம் ஆண்டுகளையொட்டி, ஜேரட் காஸ் என்ற மாணவரும் அவருடைய தோழர்களும் தட்டைக் கொண்டு குழு ஆட்டம் ஒன்றைச் சிறிது சிறிதாக அமைத்தனர். அமெரிக்கக் கால்பந்திலிருந்து சிறிது, கூடைப்பந்திலிருந்து சிறிது, உலகெங்கும் ஆடும் கால்பந்திலிருந்து சிறிது என்று எடுத்துச் சேர்த்த கூட்டு அது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது. எறிந்தே முன்னேற வேண்டும். தட்டு தரையில் விழுந்தால் எதிரணிக்கு உரியது. எல்லைக் கோட்டைக் கடந்து பிடித்தால் வெற்றிப் புள்ளி. இன்றைய ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் அங்கே அமைந்துவிட்டது.

ஆம்ஹர்ஸ்டுக்கு வடக்கே மவுண்ட் ஹெர்மன் என்னுமிடத்தில் ஒரு பள்ளியின் கோடை முகாம் நடப்பதுண்டு. 1967-லோ 1968-லோ அம்முகாமில் காஸ் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பொழுது போவதற்காகத் தம் ஆட்டத்தைச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். கற்றவர்களுள் நியூ ஜெர்ஸி இராச்சியத்து மேப்பிள்வுட் நகரிலிருந்து வந்த ஜோயல் சில்வர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவனும் ஒருவன். கோடை முடிந்தது, ஆசிரியர் ஒரு வழியும் மாணவன் ஒரு வழியுமாகச் சென்றனர். ஆட்டம் மாணவனுடன் சென்றது. ஆட்ட விதிகளின் முதற்பக்கத்தில் காஸின் பெயர் இடம்பெறவில்லை. பல ஆண்டுகள் சென்ற பின்னரே வரலாற்று ஆர்வலர்கள் அவரைத் தேடிக் கண்டு உரிய இடத்தை அளித்தனர். இத்தகைய மறதி விளையாட்டு வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. நம் சங்கங்களின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினாலும் பெயர் விட்டுப்போன முதல்வர் சிலர் தென்படுவர்.

மேப்பிள்வுட்டிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில், 1968-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மாணவர் மன்றக் கூட்டம் ஒன்றில் சில்வர் எழுந்து, பள்ளிப் பாடத்திட்டத்தில் பிரிஸ்பியைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். வேடிக்கைக்காகக் கொண்டுவந்த தீர்மானம். வேடிக்கையாகவே நிறைவேறிற்று. ஆனால், ஆடத் தொடங்கிய பின் அது வேடிக்கையாக நிற்கவில்லை. மாணவர் மன்றத்தாருக்கும் பள்ளிப் பத்திரிகை நடத்தியவர்களுக்கும் இடையே ஆட்டம் நடந்தது. விரைவில் பள்ளியின் கார் நிறுத்துமிடமே ஆடுகளமாயிற்று. அங்கே பாதரச விளக்குகள் இருந்தமையால் இரவிலும் ஆட முடிந்தது. புல்லுக்குப் பதிலாகத் தார். விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். ஆயினும் ஆடினர். 1970-இல் சில்வரும், பஸ்ஸி ஹெல்ரிங், ஜானி ஹைன்ஸ் என்ற தோழர் இருவரும் விதிகளை எழுதி அச்சிட்டனர். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள், அண்டை ஊரான மில்பர்ன் பள்ளியுடன் நடந்த முதற்பந்தயத்தில் கொலம்பியாப் பள்ளி 43-க்கு 10 என்ற கணக்கில் வென்றது. எதிரிகளுக்கு அப்போதுதான் ஆட்டம் கற்பிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் படிக்க வேண்டும்.

பள்ளி முடித்த அம்மாணவர்கள் கல்லூரிகளுக்குச் சென்றனர். சென்ற ஊர்தோறும் ஆட்டத்தைக் கொண்டு சென்றனர். சில்வர் லாபயெட் கல்லூரிக்குச் சென்றார். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் பெரிய படத் தயாரிப்பாளராகப் புகழ் பெற்ற சில்வர் அவரே. ஹெல்ரிங்கும் ஹைன்ஸும் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தனர். ஹெல்ரிங் கல்லூரியின் முதலாண்டிலேயே, 1971-இல், கார் விபத்தில் உயிர் நீத்தார். தாம் எழுதிய விதிகளின்படி கல்லூரிகள் பொருதியதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அப்பொருதல் 1972-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் நிகழ்ந்தது. இடம், ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தின் ஊரான நியூ பிரன்ஸ்விக். எதிரணி பிரின்ஸ்டன். நாளும் இடமும் எதிரணியும் கருதியே தேர்ந்தெடுக்கப்பட்டவை. 103 ஆண்டுகளுக்கு முன், 1869-இல், அதே நாளில், அதே இடத்தில், அதே இரு கல்லூரிகள் ஆடியதே அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதற் கால்பந்துப் பந்தயம். அதில் ரட்கர்ஸ் 6-க்கு 4 என்று வென்றிருந்தது. பழைய புல்வெளியோ இப்போது கார் நிறுத்துமிடமாக மாறியிருந்தது. மேப்பிள்வுட்டின் தார்த்தரையில் பழகிய கால்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிராது! தட்டாட்டத்திலும் ரட்கர்ஸே வென்றது. கணக்கு 29-க்கு 27. இரண்டு ஆட்டத்திலும் வேறுபாடு இரண்டே என்பதை அந்நகரத்தார் பெருமையுடன் சொல்வது இயல்பே.

ஆட்டம் நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். உலகச் சங்க விதிப்படி களம் 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் உடையது. இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழமுள்ள இலக்குப் பகுதிகள். பக்கத்துக்கு எழுவர். தட்டின் எடை 175 கிராம். தட்டைப் பிடித்தவர் நின்ற இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பத்து விநாடிக்குள் எறிய வேண்டும். அவ்விநாடிகளை உரக்க எண்ணுபவரும் எதிரே நிற்கும் ஆட்டக்காரரே. கடிகாரம் பிடிப்பதற்கும் தனி ஆள் கிடையாது.

தவறு நேர்ந்தால் என்ன செய்வது? இக்கேள்விக்கு அவ்வாட்டம் கூறும் விடைதான் என் மனத்தைக் கவர்ந்தது. தள்ளப்பட்டதாகக் கருதுபவர் 'தவறு' என்று குரல் கொடுப்பார். உடனே ஆட்டம் நிற்கும். எதிரி 'ஆம்' என்று ஒப்பினால், தவறினால் இழந்தது அவருக்குத் திரும்பக் கிடைக்கும். எதிரி ஒப்பவில்லையானால் இருவரும் சுருக்கமாகப் பேசுவர்; அருகிலிருந்து தெளிவாகக் கண்டவரைக் கேட்பதும் உண்டு. அப்போதும் முடிவு ஏற்படாவிட்டால், தட்டு முன்பு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும். அந்த எறிவு நிகழவே இல்லை என்பது போல ஆட்டம் மீண்டும் தொடங்கும்.

இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நடுவர் உள்ள ஆட்டத்தில் ஒவ்வொரு வழக்கிலும் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். தோற்றவர் நடுவரை வைதுகொண்டே ஆடுவார். இங்கோ, 'நீர் பொய்யர்' என்று எவரும் எவரையும் சொல்ல வேண்டுவதில்லை. இருவரும் தாம் கண்டதை மெய்யாகவே கண்டிருக்கலாம் என்று விதியே ஒப்புக் கொள்கிறது. நம் ஊர்க் கிளித்தட்டிலும் நடுவர் இல்லை. ஆனால், தொட்டேன், தொடவில்லை என்ற வழக்கைக் குரல் வலிமையே தீர்த்து வைத்தது. ஒப்பாத வழக்கை ஒன்றுமில்லாததாக்கி, ஆட்டத்தை ஓர் அடி பின்னே நகர்த்தும் சூழ்ச்சியை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இதனைக் கண்டவர்கள் நீதி நூல் வல்லவர்களும் அல்லர். கார் நிறுத்துமிடத்துச் சிறுவர்களும், அவர்களுக்குப் பின் வந்த கல்லூரி மாணவர்களுமே.

இவ்வழக்கம் ஏன் தோன்றியது என்பதற்கு இருவிதமாகக் காரணம் கூறுவர். வியட்நாம் போர் நடந்த காலம் அது. மேலதிகாரம் எதனையும் ஐயுற்ற இளைஞர்கள் நடுவரையும் வேண்டாவென்று தள்ளினர் என்பது ஒன்று. பயிற்சியாளரும் நடுவரும் வைத்துக்கொள்ளப் பணமில்லை, பள்ளியோ கல்லூரியோ பொருட்படுத்தவும் இல்லை, ஆகவே தாமே பார்த்துக் கொண்டனர் என்பது மற்றொன்று. முதலாவது கேட்பதற்கு அழகாக இருக்கிறது. இரண்டாவதே பெரும்பாலும் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லாமையால் வந்த பழக்கம் பின்னர்க் கொள்கையாயிற்று. 1978-இல் வெளிவந்த விதிப் பதிப்பில் 'ஆட்டத்தின் உள்ளுணர்வு' என்ற பெயரால் அது எழுத்தில் இடம்பெற்றது. கடுமையாகப் போட்டியிடலாம், ஆனால் எதிரியின் மதிப்பையும் ஆடும் இன்பத்தையும் விலையாகக் கொடுத்து வெற்றி பெறலாகாது என்பது அதன் சாரம். கல்லூரி நகரத்து மண்ணுக்கும் இதில் பங்கு இருக்கலாம். பிரின்ஸ்டனில் 1893 முதல் நெடுங்காலம் தேர்வுக் கூடத்தில் மேற்பார்வையாளர் இல்லாமலே மாணவர்கள் எழுதினர்; காப்பி அடிக்கவில்லை என்று கையொப்பமிடுவதே காவல். அதிலிருந்து இது பிறந்தது என்று நான் சாதிக்கவில்லை; அத்தகைய மண்ணில் இது எளிதில் வேர் பிடித்திருக்கும் என்பதே என் கருத்து.

1975-ஆம் ஆண்டு ஏப்ரலில் யேல் பல்கலைக் கழகத்தில் எட்டுக் கல்லூரிகள் கூடி முதற்போட்டித் தொடரை நடத்தின. இறுதியாட்டத்தில் ரட்கர்ஸ், ரென்ஸலேர் தொழில்நுட்பக் கல்லூரியை 26-க்கு 23 என்று வென்றது. பணியாரத் தட்டு பறந்ததாகச் சொல்லப்படும் ஊருக்கே ஆட்டம் வந்து சேர்ந்துவிட்டது! 1979-இல் ஆட்டக்காரர்களே சேர்ந்து நாடளாவிய சங்கம் ஒன்றை அமைத்தனர். 1985-இல் உலகச் சங்கம் தோன்றியது. 2001-இல் ஜப்பானின் அகிதா நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் கலந்து ஆடும் ஆட்டமாக இது இடம்பெற்றது. 2015-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உலகச் சங்கத்திற்கு முழு அங்கீகாரம் அளித்தது. சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரை மணலிலும் இன்று இவ்வாட்டத்தைக் காணலாம்.

வளர்ச்சி சோதனையையும் உடன் கொண்டுவந்தது. பத்துப் பேர் அறிந்த முகங்களுக்குள் நாணயம் காப்பது எளிது. பட்டமும் பெயரும் பணயமாக நிற்கும்போது அவ்வளவு எளிதன்று. 1980-களில் பெரிய பந்தயங்களில் தவறு தவறு என்று கூவி ஆட்டத்தை நிறுத்துவதும், ஒப்பவேண்டியதை ஒப்பாமல் நிற்பதும் மிகுந்தன. அமெரிக்காவில் 'அவதானிப்பாளர்' என்ற புதிய பதவி தோன்றியது. அவர் தாமாகத் தவறு கூறமாட்டார். ஆட்டக்காரர் இருவரும் உடன்படாமல் தம்மிடம் வந்தால் மட்டுமே தீர்ப்புரைப்பார். எல்லைக் கோடு பற்றிய ஐயங்களைத் தீர்ப்பார். நடுவருக்கும் நடுவரின்மைக்கும் இடையே ஒரு சமாதானம் அது. பழைய ஆட்டக்காரர் சிலர் இதனையே வீழ்ச்சியின் தொடக்கம் என்றனர். 2012-இல் பணம் கொடுத்துப் பார்க்கும் தொழில் முறைக் கழகம் ஒன்று அமெரிக்காவில் தொடங்கியது. அதில் சட்டை வேறுபட்ட நடுவர்களே நின்றனர். பார்வையாளர் காத்திருக்கமாட்டார், ஆட்டம் விரைந்து நடக்க வேண்டும் என்பது அவர்கள் கூறிய காரணம். அக்கழகத்திலும் ஒரு விந்தை: நடுவர் தமக்குச் சாதகமாகத் தவறிக் கூறிய தீர்ப்பை ஆட்டக்காரரே மறுத்து எதிரிக்கு விட்டுக் கொடுக்கலாம் என்று விதியமைத்தனர். நடுவரைக் கொண்டுவந்த பின்னும் பழைய பழக்கத்தை முற்றும் விட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

உலகச் சங்கமோ வேறு வழி சென்றது. நடுவர் இல்லை என்பதில் உறுதியாக நின்று, ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு மதிப்பெண் இடும் முறையை அது கொண்டது. விதிகளை அறிந்திருந்தனரா, உடல் மோதலைத் தவிர்த்தனரா, நடுநிலையுடன் நடந்தனரா, மனப்பான்மை எப்படி, பேச்சு எப்படி என்ற ஐந்தற்கும் நான்கு நான்கு மதிப்பெண்கள். ஆக மொத்தம் இருபது. இம்மதிப்பெண்களில் முதல்வந்த அணிக்குத் தனிப் பரிசு உண்டு. அப்பரிசு பெற்ற அணியை, ஆட்டத்தில் தோற்றவர்களுக்குத் தரும் ஆறுதல் என்று எள்ளுவோரும் இருக்கின்றனர். எள்ளல் முற்றிலும் பொய்யன்று. ஆயினும், தோற்றவர் கையால் வென்றவருக்கு நற்சான்று எழுதச் செய்யும் ஆட்டம் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கிறேன், எனக்குத் தென்படவில்லை.

ஆட்டத்தின் எலும்புக்கூடு அமைந்த ஆம்ஹர்ஸ்டில் இன்று கல்லூரி மாணவர் மட்டுமல்லாமல் ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இதனை ஆடுகின்றனர். அப்பள்ளியின் அணி நாடறிந்தது. மேப்பிள்வுட்டின் கார் நிறுத்துமிடமும் இருக்கிறது. ஆட்டம் பிறந்த இடம் இது என்று அறிவிக்கும் கல்வெட்டு ஒன்றை அங்கே பதித்துள்ளனர். நன்றி நவிலும் திருநாளையொட்டி, வெளியூர்களில் வாழும் பழைய மாணவர்கள் வீடு திரும்பும் போது, அவர்களுக்கும் பள்ளியில் பயில்வோருக்கும் இடையே அவ்விடத்தில் ஆட்டம் நடப்பது வழக்கம். நவம்பர்க் குளிரில், விளக்கொளியில், தார்த்தரையின் மேல், நரைத்த தலையினரும் பதினாறு வயதினரும் எதிரெதிரே நிற்பர். எவரேனும் ஒருவர் 'தவறு' என்று குரல் கொடுப்பார். எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்று, அவ்விருவரும் பேசி முடிக்கும் வரை காத்திருப்பர்.